சிந்தாத இட்லி

சிங்கப்பூர்
7.1.2024

அன்புத் தங்கை ஃப்ளோரன்ஸுக்கு,

மாதா உன் பக்கத்திலேயே இருக்கட்டும். இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. உனக்கு இருமல் விட்டதா?

பக்கத்து வீட்டுச் சத்தியராஜ் போனுக்கு மெசேஜ் அனுப்பினால், அவன் படித்து, அவன் பெண்டாட்டி படித்து, தெருவே படித்த பிறகுதான் உன்னிடம் வருகிறது. பேசலாம் என்றால், டைபாய்டில் உன் காது போய் இருபது வருஷம் ஆகிவிட்டது. அதனால் இனிமேல் நமக்குள் தபால்தான்.

டிசம்பரோடு என் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லை. பதின்மூன்று வருஷம் இந்த வீட்டுக் கிழவியைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, சோறு ஊட்டியது போதும். ஆரணிக்கு வந்து சொந்தத் தொழில் செய்யப் போகிறேன். இங்கே ஞாயிறுதோறும் எங்களைப் போல வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. ஊர் திரும்பிய பிறகு என்ன கடை வைப்பது, எப்படித் திட்டம் போடுவது என்று ஜெயப்ரியா மேடம் சொல்லித் தருகிறார். பாங்கில் பெரிய வேலை அவருக்கு. காசு வாங்காமல் வருகிறார். "மனசுல தோணினதை எழுதாதீங்க. நேர்ல எண்ணிப் பார்த்ததை எழுதுங்க" என்பார்.

செய்யாறு கம்பெனி பஸ்கள் விடிகாலையில் டயர் கடை முனையில் நின்றுதான் ஆள் ஏற்றுகின்றன என்று சத்தியராஜ் சொன்னான். அங்கே ஒரு டிபன் கடை வைப்பதுதான் என் திட்டம். நீ நாலு நாள் அங்கே போய் நில். எத்தனை பஸ், எத்தனை மணிக்கு, எத்தனை பேர், பெண்கள் எத்தனை, என்ன சாப்பிட்டுவிட்டு ஏறுகிறார்கள். ஒன்று விடாமல் எழுது.

உன் அக்கா
இன்னாசியம்மாள்

•

ஆரணி
30.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். இருமல் போய்விட்டது. நூல் சுற்றும் வேலைக்கு வழக்கம்போலப் போகிறேன். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்.

நாலு நாள் சொன்னாய். ஆறு நாள் நின்றேன். மூன்று பஸ். நாலு முப்பத்தைந்து, நாலு ஐம்பது, ஐந்து பத்து. மொத்தம் தொண்ணூறு பேர் வரை ஏறுகிறார்கள். அதில் எழுபது பேர் பெண்கள், பெரும்பாலும் ஷூ கம்பெனி. முக்கால்வாசிப் பேர் வெறும் வயிறு. சிலர் கையில் பன்.

மூன்றாம் நாள் எழிலரசி என்ற பெண் என் தோளைத் தட்டி, நான் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன் என்று தெரிந்ததும் நிதானமாகப் பேசினாள். "இன்னாக்கா, தெனிக்கும் வந்து நின்னுகினு எங்களையே பாத்துகினு கீற?"

சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "இட்லி துன்னலாம்தான். பஸ்ஸு வளைவுல திரும்பசொல்ல சாம்பாரு மடியில ஊத்திகினா? சாயந்தரம் வரைக்கும் அந்த நாத்தத்தோடயே உக்காந்து தைக்கணும்."

வீட்டுக்கு வந்தும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா, சாம்பாரே வேண்டாம். சின்னச் சின்ன இட்லி ஊற்றி, நல்லெண்ணெயில் பொடி குழைத்து எல்லாப் பக்கமும் தடவி, இலையில் கூம்பு மாதிரி சுற்றிக் கொடுத்தால்? ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாப்பிடலாம். ஒரு சொட்டும் சிந்தாது.

அம்மா போன பிறகு யாரும் என்னிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. நீ கேட்டாய். இன்னும் ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் எழுது.

உன் பாசமுள்ள தங்கை
ஃப்ளோரன்ஸ்

•

சிங்கப்பூர்
18.2.2024

அன்பு ஃப்ளோராவுக்கு,

ஆண்டவர் தயவில் எல்லாம் நலம். ஒத்தடம் கொடுத்தேன், பரவாயில்லை. நீ சாப்பாட்டில் குறை வைக்காதே.

போன ஞாயிறு வகுப்பில் என் திட்டத்தை எழுந்து நின்று படித்தேன். முப்பது பேர் வகுப்பு. பிலிப்பைன்ஸ்காரிகள்கூடக் கை தட்டினார்கள். ஜெயப்ரியா மேடம் 'சிந்தாத இட்லி' என்று போர்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். "இது யாரோட ஐடியா?" என்று கேட்டார். "என்னோடதுதான் மேடம்" என்றேன். "இத்தனை வருஷத்துல நான் பார்த்ததுலயே சுத்தமான திட்டம் இது" என்றார். பதின்மூன்று வருஷமாக இந்த ஊரில் யாரும் என்னைப் பாராட்டியதில்லை.

அடுத்த பாடம், மாதிரி. பத்துப் பொட்டலம் செய்துகொண்டு போய்ச் சும்மா கொடுத்துப் பார். என்ன சொல்கிறார்கள் என்று எழுது. டயர் கடைக்கு முன்னால் இருக்கிற கூரை போட்ட இடம் யாருடையது, வாடகைக்கு விடுவார்களா என்பதையும் விசாரி.

அக்கா
இன்னாசியம்மாள்

•

ஆரணி
16.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். வெயில்தான் மார்ச்சிலேயே கொளுத்துகிறது.

பத்துப் பொட்டலம் ஐந்து நிமிஷத்தில் போய்விட்டது. மறுநாள் நாலு பேர் காசை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நான் ஒன்றும் கொண்டுபோகவில்லை. "ஆசை காட்டிட்டு மோசம் பண்ணாதக்கா" என்றாள் எழிலரசி. மூன்றாம் நாள் இருபது செய்தேன். விற்றது.

இடம் பழனி என்பவருடையது. டயர் கடையை மூடிவிட்டார். முன்பக்கம் சும்மா கிடக்கிறது. "காலைல ரெண்டு மணி நேரந்தான? வச்சிக்க. பெருக்கி உட்டுட்டு போ" என்கிறார். வாடகை என்று பெரிதாகக் கேட்கவில்லை.

அக்கா, ஒன்று கேட்கலாமா? நீ வர இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. அதுவரை நான் சின்னதாகச் செய்துகொண்டிருக்கட்டுமா? நூல் வேலை வாரத்தில் மூன்று நாள்தான் இருக்கிறது. நீ வரும்போது கடை ஓடிக்கொண்டிருக்கும். நீ வந்து பார்த்துக்கொள்ளலாம்.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

ஃப்ளோரன்ஸ்

•

சிங்கப்பூர்
7.4.2024

ஃப்ளோராவுக்கு,

உயிர்ப்புப் பெருநாள் வாழ்த்து. நான் சுகமே. நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

வேண்டாம். தொடாதே.

கோபத்தில் எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதுகிறேன். இது என் திட்டம். பெயர், ருசி, விலை எல்லாம் நான் வந்து தொடங்க வேண்டும். நீ இப்போது அரைகுறையாகச் செய்து பெயரைக் கெடுத்துவிட்டால் பிறகு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உனக்கு வியாபாரம் என்ன தெரியும்? பின்னால் நின்று ஒருத்தி "ரெண்டு பொட்டலம்" என்று கத்தினால் உனக்குக் கேட்குமா? நாலு நாளில் உன்னை ஏமாற்றி நடுத்தெருவில் உட்கார்த்திவிடுவார்கள். அம்மா உன்னை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தாள் என்றால் அதற்குக் காரணம் இருந்தது.

வீட்டுக்கு ஓட்டை எடுத்துவிட்டுத் தளம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மாதாமாதம் அனுப்புகிறேன். உனக்கு என்ன அவசரம்? நூல் வேலையைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இரு.

அக்கா

•

ஆரணி
2.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போட மூன்று மாதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை, சோம்பல்தான். நீ எப்படி இருக்கிறாய்?

நீ சொன்னபடி வீட்டில் நிம்மதியாக இருக்கிறேன். ஒரு செய்தி உனக்குத் தெரிய வேண்டும். டயர் கடை முனையில் யாரோ டிபன் கடை போட்டுவிட்டார்கள். ஒரு பொம்பளை. பொடி இட்லிதான் விற்கிறாள். கூட்டம் இருக்கிறது.

நீ வேறு இடம் யோசித்தால் நல்லது என்று தோன்றுகிறது. போளூர் ரோட்டிலும் கம்பெனி பஸ் நிற்கிறதாம்.

மழை இரண்டு நாளாகப் பெய்கிறது.

ஃப்ளோரன்ஸ்

•

சிங்கப்பூர்
21.7.2024

அன்பு ஃப்ளோராவுக்கு,

சுகம். சுகமாயிரு.

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மேடத்திடம் அழுதேன். "போட்டின்னு ஒண்ணு வந்தா உங்க ஐடியா நல்ல ஐடியான்னு அர்த்தம். அழாதீங்க, படிங்க" என்றார். போட்டியாளரைப் பற்றி ஒரு தாள் கொடுத்திருக்கிறார். பதில் எழுது. அவள் யார்? எந்தத் தெரு? புருஷன் உண்டா? கூட ஆள் உண்டா? அடுப்பு சொந்தமா, வாடகையா? பழனியிடம் பத்திரம் போட்டிருக்கிறாளா, வாய்ப்பேச்சா? அவளிடம் எது பலவீனம்?

நான் யோசித்ததைச் சொல்கிறேன். ஆள் துணை இல்லாதவள் என்றால் சுலபம். பொட்டலத்துக்கு ஐந்து ரூபாய் குறைத்து மூன்று மாதம் விற்றால் போதும், பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவளாகவே ஓடிவிடுவாள். அவள் போகும்போது அழுதால் அழட்டும். நான் இங்கே அழுதபோது யார் பார்த்தார்கள்? நீ யாரைப் பார்த்தாலும் இரக்கப்படுவாய், அவள்மேல் படாதே. அவள் நம் சோற்றில் கை வைத்தவள்.

சீக்கிரம் எழுது.

அக்கா
இன்னாசியம்மாள்

•

ஆரணி
14.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாளைக்கு மாதா விண்ணேற்புப் பெருநாள். கோவிலில் உனக்காகவும் வேண்டிக்கொள்வேன். உன் முழங்கால் எப்படி?

நீ கேட்டவை. புருஷன் இல்லை. கூட ஆளும் இல்லை. இரண்டு மணிக்கு எழுந்து ஒற்றையாகத்தான் எல்லாம் செய்கிறாள். அடுப்பு பழையது, சொந்தம்தான். பழனியிடம் வாய்ப்பேச்சு. தினம் அறுபது பொட்டலம் போகிறது. வாங்குகிற பெண்கள் காசை அவள் டப்பாவில் தாங்களே போட்டு மீதியையும் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். இதுவரை ஒருத்தியும் ஏமாற்றவில்லை.

பலவீனம் என்று ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போகச் சொன்னால் போக்கிடம் இல்லாதவள் போலிருக்கிறது. அவ்வளவுதான்.

அக்கா, அவளை விட்டுவிடேன். இந்த ஊரில் பஸ் நிற்கிற முனை ஒன்றுதானா? நீ வந்தால் இன்னும் பெரிதாக, இன்னும் நன்றாகச் செய்வாய். அவள் ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஃப்ளோரன்ஸ்

•

சிங்கப்பூர்
15.9.2024

என் செல்லத் தங்கை ஃப்ளோராவுக்கு,

நீ நீடூழி நலமாக இருக்க வேண்டும். எட்டாம் தேதி மாதா பிறந்தநாளன்று இங்கே கோவிலில் உன் பெயரைச் சொல்லி ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். உனக்கு என்று நீலத்தில் ஒரு புடவை எடுத்து வைத்திருக்கிறேன். வரும்போது கொண்டு வருகிறேன். மழையில் பின்சுவர் ஊறுகிறதா? வேளைக்குச் சாப்பிடு. முகம் இளைத்துவிடாமல் பார்த்துக்கொள்.

அந்தப் பொம்பளையைப் பற்றி இனி நீ எழுத வேண்டாம். அந்தக் கவலையை நான் விட்டுவிட்டேன்.

உன் அன்பு அக்கா
இன்னாசியம்மாள்

•

ஆரணி
22.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு நாளாகிறது. உட்கார்ந்து எழுத முடிகிறது.

போன கடிதத்தில் நீ காட்டிய பாசத்தைப் படித்து அன்றே உண்மையை எழுதியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன். அந்தப் பொம்பளை நான்தான், அக்கா. நீ வேண்டாம் என்று எழுதிய பிறகு ஒரு வாரம் சும்மா இருந்தேன். முடியவில்லை. மறுபடியும் போனேன். இருபது, முப்பது, அறுபது என்று ஆகிவிட்டது.

பதினான்காம் தேதி, முதல் பஸ் போனதும் பழனி இரண்டு ஆட்களோடு வந்தார். "எடத்த வேற ஆளுக்கு ரெண்டு வருசத்துக்கு அக்ரிமெண்டு போட்டாச்சி. ஜல்தி காலி பண்ணு" என்றார்.

"இன்னும் ரெண்டு பஸ்ஸு கீதுண்ணே. முடிச்சிட்டு எடுத்துக்கறேன்."

"அதெல்லாம் எனக்கு பேஜாரு. இன்னிக்கே காலியா இருக்கணும்னு பேச்சு."

"யாருக்குண்ணே குடுத்தீங்க?"

"பேரு சொல்லக்கூடாதுன்னு கண்டிசனு."

நான் அடுப்பின் குறுக்கே போய் நின்றேன். அதுதான் தப்பு. அவர்களில் ஒருவன் அடுப்பை எட்டி உதைத்தான். இட்லிக் குண்டான் சாய்ந்து கொதிக்கிற தண்ணீர் மொத்தமும் என் இடது காலில் கொட்டியது. எழிலரசியும் இன்னொரு பெண்ணும் பஸ்ஸை விட்டுவிட்டு என்னை ஆட்டோவில் தூக்கிப் போனார்கள். இரண்டு பேருக்கும் அன்றைக்குச் சம்பளம் போயிற்று.

டிசம்பரில் நீ வரும்போது கடையை உன் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இல்லை, பொய் சொல்ல மாட்டேன். கொடுத்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. நீ என்னைத் திட்டு. ஆனால் இப்போது கடை உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. யாரோ கொண்டுபோய்விட்டார்கள். வந்து ஏதாவது செய், அக்கா.

ஃப்ளோரன்ஸ்

•

சிங்கப்பூர்
10.11.2024

ஃப்ளோரன்ஸுக்கு,

கால் ஆறிவருகிறதா? மருந்தை நிறுத்தாதே. எனக்கு உடம்பு சுகம்தான்.

இடத்தை எடுத்தது நான்.

ஆகஸ்டு கடைசியில் உன் கடிதம் வந்த அன்று, யார் அவள் என்று பார்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன் சத்தியராஜிடம். மறுநாளே அனுப்பினான். பெரிதாக்கிப் பார்த்தேன். பத்துப் பெண்கள் சுற்றி நிற்கிறார்கள். நடுவில் கரண்டியோடு நீ. சிரித்துக்கொண்டிருக்கிறாய். அம்மா சாவுக்கு நான் வர முடியாமல் வீடியோவில் பார்த்தேனே, அன்றைக்குக் கண்ட உன் அழுத முகம்தான் எனக்குள் இருந்தது. அந்த முகத்துக்குத்தான் மாதாமாதம் அனுப்பிக்கொண்டிருந்தேன். என் கடையில் நின்றுகொண்டு, என்னிடமே "அவளை விட்டுவிடு" என்று எழுதுகிறவளுக்கு அல்ல.

சத்தியராஜ் மூலமாகப் பழனியிடம் பேசி அட்வான்ஸ் கொடுத்தேன். பத்திரம் என் பெயரில் இருக்கிறது. உன் காலில் கொட்டச் சொல்லவில்லை. காலி செய்யத்தான் சொன்னேன். நீ குறுக்கே போய் நின்றிருக்கக் கூடாது.

வகுப்பு போன ஞாயிறு முடிந்தது. போட்டியாளரை எப்படிச் சமாளித்தேன் என்று மேடம் கேட்டார். இடத்தைப் பிடித்துவிட்டேன் என்றேன். "இதைத்தான் எல்லாரும் கத்துக்கணும்" என்று என்னை நிற்கவைத்துப் பேசினார். போட்டியாளர் யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்த வீட்டு வேலையை எழுதிக் கொடுத்து விட்டுவிட்டேன். என் இடத்துக்கு ஒரு மியான்மர் பெண் வந்துவிட்டாள். டிசம்பர் பன்னிரண்டாம் தேதி வருகிறேன். பதினாறாம் தேதி கடை திறப்பு. எனக்கு வேலை தெரிந்த ஆள் ஒருத்தி வேண்டும். கால் சரியாகியிருந்தால் மூன்று மணிக்கு வந்துவிடு. நூல் வேலையில் கொடுப்பதைவிட அதிகமாகவே தருவேன். வீடும் என் பெயரில்தான் இருக்கிறது. நீ அங்கேயே இருக்கலாம். நான் அவ்வளவு கல்நெஞ்சக்காரி இல்லை.

அக்கா
இன்னாசியம்மாள்

•

ஆரணி
30.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுள் கொடுக்கட்டும். கால் ஆறிவிட்டது. பாதம் மட்டும் செருப்புக்குள் போகாது, துணி சுற்றிக்கொள்கிறேன்.

வேலைக்கு வர முடியாது. எழிலரசி சொல்லி ஷூ கம்பெனியில் பெருக்கித் துடைக்கிற வேலை கிடைத்திருக்கிறது. அவளும் இரண்டு பெண்களும் இருக்கிற அறையில் எனக்கும் பாய் போட இடம் கொடுத்துவிட்டார்கள். உன் வீட்டைக் கழுவி, சாவியைச் சத்தியராஜிடம் கொடுத்துவிட்டேன். அம்மாவின் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

தினமும் அந்த முனையில் நின்றுதான் பஸ் ஏறுகிறேன். என்னைத் துரத்தியது யார் என்று எல்லாரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் உன் கடிதங்கள் ஆறையும் எழிலரசியிடம் கொடுத்தேன். பஸ் ஆரணி தாண்டியதும் அவள் எழுந்து நின்று உரக்கப் படித்தாள். "மாதா உன் பக்கத்திலேயே இருக்கட்டும்" என்பதிலிருந்து "கல்நெஞ்சக்காரி இல்லை" என்பது வரை. ஆகஸ்டிலேயே நீ என் படத்தைப் பார்த்த இடம் வந்தபோது, முன்சீட்டில் இருந்த ஒரு பெண் அவளை நிறுத்தச் சொல்லி, மெழுகுவத்தி ஏற்றிய கடிதத்தின் தேதியை மறுபடியும் படிக்கச் சொன்னாள். டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

ஒரு பஸ்ஸோடு விடவில்லை. மறுவாரம் இரண்டாவது பஸ்ஸில் ஏறினோம். நேற்றோடு மூன்றாவது பஸ்ஸிலும் படித்து முடித்தாயிற்று.

நான் யாரிடமும் உன் கடையில் வாங்காதே என்று சொல்லவில்லை. படித்து முடித்ததும் அவர்கள் கடிதங்களை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்கள்.

பன்னிரண்டாம் தேதி பத்திரமாக வந்து சேர். பதினாறாம் தேதி கடையைத் திற. தொண்ணூறு பேருக்கும் மாவு அரைத்து வை. விடிகாலையில் இங்கே பனி அதிகம், அக்கா. தலைக்கு ஏதாவது கட்டிக்கொண்டு நில்.

உன் தங்கை
ஃப்ளோரன்ஸ்